இரவல் மூச்சு

1952-ஆம் ஆண்டுக் கோடையில் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, அந்நகரின் தொற்றுநோய் ஆஸ்பத்திரியாகிய பிளெக்டாமில், மூச்சுத் தசைகள் செயலற்றுப் போனவர்களுக்கென்று இருந்த சாதனங்கள் மொத்தம் ஏழு: கழுத்துக்குக் கீழே உடல் முழுவதையும் உள்ளே வைத்து மூடிவிடும் இரும்புப் பெட்டி ஒன்று, மார்பை மட்டும் கவசம்போல் பற்றிக்கொள்ளும் கருவிகள் ஆறு. நோயின் வேகம் உச்சத்திலிருந்த நாட்களிலோ தினம் ஐம்பது பேர் வரையில் அங்கே வந்து சேர்ந்தார்கள். முதல் மூன்று வாரங்களில் இக்கருவிகளின் துணையோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மாண்டுபோனார்கள். இருக்கிற கருவியை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லையென்று சொல்வது என்று தலைமை வைத்தியரான லாஸ்ஸன் நிர்ணயிக்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கவில்லையென்றால், அந்த நிர்ணயத்துக்கும் பெரிய அர்த்தமில்லை.

லாஸ்ஸனுக்கு அதிக விருப்பமில்லாமலே, அவருடைய உதவியாளர் ஒருவரின் யோசனையின்பேரில், பியார்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அழைக்கப்பட்டார். அமெரிக்காவிலுள்ள பாஸ்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த இப்சன், இறந்தவர்களின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, அவர்களைக் கொன்றது மூளைக்கேறிய விஷக்கிருமி அன்று, வெளியேற வழியின்றி உடம்பிலேயே தேங்கிப்போன கரியமில வாயுவே என்று ஊகித்தார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, கைகால்கள் நான்கும் விளங்காமல், தன் எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் ஒப்படைத்தார்கள். தொண்டையில் துளையிட்டு, குழாயைச் செருகி, அதன் முனையில் மாட்டிய ரப்பர்ப் பையை அமுக்கினால் நுரையீரலுக்குள் காற்றுப் போகவேண்டும். ஆனால் மூச்சுக்குழல் இறுகிப்போய், சிறுமி திமிற, காற்று உள்ளே போகவில்லை. சுற்றி நின்று பார்த்த வைத்தியர்கள், இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லையென்று ஒவ்வொருவராக நகரத் தொடங்கினார்கள். அந்த நிலையில் இப்சன் பெண்டோதால் என்னும் மயக்க மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். சிறுமியின் உடல் தளர்ந்து, தானாக மூச்சிழுக்கும் முயற்சியும் நின்றுபோன அந்தக் கணத்தில்தான், பை அமுக்கிய காற்று தடையின்றி உள்ளே சென்றது. அவளுடைய மூச்சை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகே காப்பாற்ற முடிந்தது என்பது இந்தச் சரித்திரத்தின் தொடக்கத்திலேயே நிற்கும் ஒரு விசித்திரம்.

அச்சிறுமி பிழைத்தாள். பையை அமுக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். அதற்கு மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைபோட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரையில், ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு மாணவர் உட்கார்ந்து, இரவும் பகலும், மாதக்கணக்கில், நிமிஷத்துக்கு இத்தனை தடவை என்று பையை அமுக்கி விட்டுக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று பிற்காலத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். சாவு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மாணவர்களில் பலர், நோயாளியான குழந்தைக்குக் கதைப்புத்தகம் படித்துக் காட்டியபடியே மறுகையால் மூச்சைக் கொடுத்தார்கள். இத்தனை செய்தும் சில குழந்தைகள் அவர்கள் கையிலேயே இறந்தன. தாம் அமுக்குவதை நிறுத்தினால் எதிரே இருக்கும் உயிர் நின்றுவிடும் என்பதை மனித வரலாற்றில் அவ்வளவு பேர், அவ்வளவு அண்மையிலிருந்து, அவ்வளவு நேரம் அறிந்திருந்தது அதற்கு முன்பு நிகழ்ந்ததில்லை.

மனிதக் கைகளுக்குப் பதிலாக இயந்திரங்கள் விரைவிலேயே வந்துவிட்டன. ஸ்வீடன் தேசத்து எங்ஸ்ட்ரோம் அமைத்த கருவி அவற்றில் புகழ்பெற்றது. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகனின் நகராண்மை ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்கென்றே தனிப்பகுதி ஒன்றைத் திறந்தார். இன்று நம் ஜில்லாத் தலைநகரங்களில்கூடக் கண்ணாடிக் கதவும், வெளியே செருப்புக் குவியலும், கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கும் உறவினர்களுமாகக் காணப்படுகிற ஐ.சி.யு. என்ற ஸ்தாபனத்தின் மூதாதை அதுவே. இளம்பிள்ளை வாத நோயாளிக்குப் போனது மூச்சு மாத்திரமே; அறிவு தெளிவாக இருந்தது; வாரங்களோ மாதங்களோ கழித்துத் தசைகள் தேறினால் அவன் எழுந்து உட்காருவான், கருவி வேறொருவனுக்குப் போகும். அதே கருவியை வாகன விபத்தில் மண்டை உடைந்தவனுக்கும், இதயம் நின்று திரும்பத் துடித்தவனுக்கும், பக்கவாதத்தால் நினைவிழந்தவனுக்கும் மாட்டத் தொடங்கிய பிறகுதான், மூச்சு இருக்கிறது, மனிதன் இருக்கிறானா என்று தெரியவில்லை என்ற ஸ்திதி முதல் தடவையாக உலகத்தில் உண்டாயிற்று. காப்பாற்றுவதற்காகவே பிறந்த கருவி ஒன்று, தன்னை எப்போது நிறுத்துவது என்ற கேள்வியையும் கூடவே பெற்றெடுத்தது.

அக்கேள்வியை முதலில் வெளிப்படையாகக் கேட்டவர் வக்கீலுமல்லர், தத்துவ சாஸ்திரியுமல்லர். ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் நகரத்து மயக்க மருந்து நிபுணரான புரூனோ ஹைட் என்பவர். கேட்ட இடமும் கவனிக்கத் தக்கது. மீளாத மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கு, குடும்பத்தார் வேண்டாமென்றாலும், கருவியை வைத்துக்கொண்டிருக்க வைத்தியருக்கு உரிமையுண்டா, கடமையுண்டா, எடுத்துவிட்டால் அது பாவமா என்ற வினாக்களை அவர் ரோமாபுரிக்கு அனுப்பினார். 1957-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி, மயக்க மருந்து வைத்தியர்களின் சபை ஒன்றில் பேசிய போப் பன்னிரண்டாம் பயஸ், சாதாரணமான உபாயங்களைக் கொண்டு உயிரைக் காத்துக்கொள்ள மனிதன் கடமைப்பட்டவனே ஆயினும், தனக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகிவிடும் அசாதாரண உபாயங்களைக் கைக்கொள்ளும் கடமை அவனுக்கில்லை என்று பதிலளித்தார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய இறையியலாளர்கள் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்த பாகுபாடுதான் அது. ஒருவர் எந்தக் கணத்தில் இறந்தார் என்று சொல்வது திருச்சபையின் அதிகாரத்துக்குட்பட்டதன்று, வைத்தியரின் வேலையே என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். கருவியை நிறுத்துவதை மதம் தடுக்கிறது என்று பொதுவில் எண்ணுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில், நீதிமன்றங்கள் வாய் திறப்பதற்குப் பதினெட்டு வருஷங்கள் முன்பே, பழமையான ஒரு மதபீடம் வழிவிட்டிருந்தது.

அடுத்த பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1959-இல் பாரிஸ் நகரத்து மொல்லாரே, கூலோன் என்ற இரு வைத்தியர்கள், மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட ஒரு நிலையில் கிடந்த 23 நோயாளிகளை வருணித்தார்கள். இதயம் துடித்தது, மூளையின் தொழில் முழுவதும் அற்றுப்போயிருந்தது. 1967 டிசம்பரில் கேப்டவுனில் முதல் இதய மாற்றுச் சிகிச்சை நடந்தது. மறுவருஷமே ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று, பீச்சர் என்பவரின் தலைமையில், அந்நிலையை மரணம் என்றே கொள்ளலாமென்று அறிக்கை வெளியிட்டது. மூளைச் சாவு என்று இன்று நாம் சொல்வது இதுதான். 2008-இல் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியர் தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்த பிறகு, தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிற எவருக்கும் அது பழகிய சொல்லாகிவிட்டது. மூளைச் சாவு அடைந்தவர் இறந்தவரே. ஆகவே கருவியை எடுப்பதில் தர்மசங்கடம் எதுவுமில்லை. சங்கடமெல்லாம் மற்றவரைப் பற்றியது: மூளையின் மேற்பகுதி அழிந்து அடித்தண்டு மட்டும் எஞ்சியிருக்க, கண் விழித்து, கண் மூடி, கொட்டாவி விட்டு, சில சமயம் முனகி, யாரையும் எதையும் அறியாமல் வருஷக்கணக்கில் கிடப்பவர். 1972-இல் கிளாஸ்கோ நகரத்து ஜென்னட்டும் நியூயார்க் நகரத்து பிளமும் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்த மூன்றாம் வருஷமே அது உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்துவிட்டது.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நடுவில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில், கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண், ஒரு விருந்திலிருந்து வந்து படுத்தவள், சற்று நேரத்தில் மூச்சின்றிக் கிடக்கக் காணப்பட்டாள். குறைந்தபட்சம் இரண்டு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிஷம், அவள் மூச்சு நின்றிருந்ததாகப் பின்னர் கணித்தார்கள். டென்வில் என்ற ஊரிலுள்ள செயிண்ட் கிளேர் ஆஸ்பத்திரியில் கருவியில் வைக்கப்பட்ட அவள் உடல், மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்கி, கைகால்கள் மடங்கி, 31 கிலோ அளவுக்கு இளைத்துவிட்டது. தந்தை ஜோசப்பும் தாய் ஜூலியாவும் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தியுடையவர்கள். தங்கள் பங்குக் குருவை நாடினார்கள். அவர் 1957-ஆம் ஆண்டுப் பேச்சை எடுத்துக்காட்டி, அசாதாரண உபாயத்தை விட்டுவிடுவதில் குற்றமில்லையென்றார். பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். சிகிச்சை செய்த வைத்தியர் முதலில் இசைந்து, பின்னர் மறுத்துவிட்டார். தகப்பனார் நியாயஸ்தலம் ஏறினார்.

அவ்வழக்கின் சாட்சியங்களில், தீர்ப்பைக் காட்டிலும் என் மனத்தில் தைத்தது வேறொன்று. நரம்பியல் நிபுணர் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, மீள வழியில்லாத நோயாளிகளிடத்தில் வைத்தியர்கள் எழுதாமலும் பேசாமலும் கைக்கொண்டுவரும் ஒரு வழக்கம் உண்டென்று ஒப்புக்கொண்டார்: காய்ச்சல் வந்தால் மருந்து ஏற்றாமல் விடுவது, இதயம் நின்றால் மீட்க ஓடாமலிருப்பது. விவேகத்தோடு கூடிய அசட்டை என்று அதற்குத் தமக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். ஆகவே அந்தத் தகப்பனார் புதிய காரியமொன்றைக் கேட்கவில்லை. வார்டுகளில் மௌனமாக நடந்துகொண்டிருந்ததை உரக்கக் கேட்டார், அவ்வளவுதான். உரக்கக் கேட்டவுடன் அது குற்றம்போல் தோன்றிவிட்டது. கருவியை எடுத்தால் கொலை வழக்கு வருமோ என்று வைத்தியர் அஞ்சியதில் ஆச்சரியமில்லை. மாகாண அரசாங்க வக்கீலும் எதிர்த்தரப்பில்தான் இருந்தார். சென்ற நூற்றாண்டு வைத்தியத்தின் பெரிய தர்மசங்கடங்களில் பாதி, செய்வதில் உண்டானவை அல்ல, செய்வதைச் சொல்ல நேர்ந்ததில் உண்டானவை என்பது என் அபிப்பிராயம்.

கீழ்நீதிமன்றம் 1975 நவம்பரில் தந்தையின் மனுவைத் தள்ளிற்று. இது வைத்தியர் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றது. 1976 மார்ச் 31-ஆம் தேதி மாகாண உயர்ந்த நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமுகமாக அதை மாற்றினார்கள். தலைமை நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பின் நுட்பமான பகுதி இது: அந்தப் பெண்ணுக்கு ஏதோ அற்புதத்தால் சிறிது நேரம் பிரக்ஞை திரும்பித் தன் நிலையைத் தானே கண்டறிந்தால், இயற்கையான மரணமே நேருமென்று தெரிந்தும் கருவியை அகற்றச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டல்லவா, பிரக்ஞை இல்லையென்பதற்காக அவ்வுரிமை அழிந்துவிடுமா, அழியாதென்றால், அவள் எப்படித் தீர்மானித்திருப்பாள் என்று கருதி அதைப் பிரயோகிக்கத் தகுந்தவர் அவளுடைய தகப்பனாரே. ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழு ஒன்று மீட்சிக்கு நியாயமான வாய்ப்பில்லையென்று ஒத்துக்கொண்டால் போதும், யார்மீதும் குற்றமில்லை. உயிரின் தன்மை என்ன, மரணம் எப்போது என்ற பெரிய கேள்விகளுக்குள் நீதிமன்றம் அதிகமாக இறங்கவில்லை. யார் சொல்வது என்ற கேள்விக்கே விடையளித்தது. பிற்காலத்து நீதிமன்றங்கள் பலவும் நடந்த தடம் அதுதான்.

நடந்தது எதிர்பாராதது. வைத்தியர்கள் கருவியைச் சட்டென்று எடுத்துவிடவில்லை. சிறிது சிறிதாகப் பழக்கி, மே மாதத்தில் முழுவதும் எடுத்தார்கள். கேரன் தானாகவே மூச்சுவிட்டாள்! ஒரு மருத்துவ விடுதியில், மூக்குக்குழாய் வழியே ஆகாரம் பெற்று, ஒன்பது வருஷங்களுக்கு மேல் வாழ்ந்து, 1985 ஜூன் 11-ஆம் தேதி நிமோனியாவால் இறந்தாள். தகப்பனார் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவந்தார். ஆகாரக் குழாயையும் எடுக்கச் சொல்கிறீர்களா என்று வழக்கின்போது கேட்டதற்கு, அது அவளுடைய சாப்பாடு அல்லவா என்று அவர் மறுத்துவிட்டிருந்தார். மூச்சை இரவல் என்று ஒப்புக்கொண்டவருக்குச் சோற்றை அப்படி ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

இங்கேதான் விஷயம் கடினமாகிறது. கருவியை எடுப்பது ஒன்று, பட்டினி போடுவது வேறொன்று என்ற உணர்ச்சி எந்த தேசத்தாருக்கும் பொதுவானது. நம் வீடுகளில் நினைவு தப்பிக் கிடக்கிறவர் வாயிலும் ஒரு கரண்டிப் பாலையாவது விடாமல் இருக்க மாட்டார்கள், விட்ட பால் கடைவாயில் வழிந்தாலும் விடுவார்கள். அந்த உணர்ச்சியை மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குழாயின் வழியே வயிற்றுக்குள் விடப்படும் திரவம் சாப்பாடா, சிகிச்சையா என்று நியாயஸ்தலங்கள் தீர்மானித்தே ஆகவேண்டியிருந்தது. மிசௌரி மாகாணத்தில் 1983 ஜனவரி 11-ஆம் தேதி கார் விபத்தில் மூளை சிதைந்த நான்சி குரூஸன் என்ற இளம்பெண்ணின் பெற்றோர் ஆகாரக் குழாயை எடுக்க அனுமதி கேட்ட வழக்கு, அமெரிக்காவின் தலைமை நீதிமன்றம் வரையில் சென்று, 1990 ஜூன் மாதம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பெற்றோருக்குப் பாதகமாகவே முடிந்தது. தனக்கு இப்படி வாழ விருப்பமில்லையென்று நான்சியே சொல்லியிருந்ததற்குத் தெளிவான சான்று வேண்டுமென்று மாகாணம் கேட்பது தவறில்லை என்றார்கள். அவளோடு முன்பு வேலை செய்தவர்கள் சிலர் பிறகு வந்து அத்தகைய சான்று சொன்னார்கள். டிசம்பர் நடுவில் குழாய் எடுக்கப்பட்டது. மீண்டும் பொருத்துவோமென்று ஆஸ்பத்திரிக்குள் நுழைய முயன்ற கூட்டத்தார் கைதானார்கள். டிசம்பர் 26-ஆம் தேதி அவள் இறந்தாள். அவளுடைய கல்லறையில் குடும்பத்தார் மூன்று தேதிகளைப் பொறித்திருக்கிறார்கள்: பிறந்த தேதி, 1983-இல் பிரிந்து சென்ற தேதி, 1990-இல் அமைதியடைந்த தேதி. மூன்று வருஷங்களாகச் சட்டப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விவாதித்ததை, அக்குடும்பம் ஒரு கல்லில் முடிவு செய்துகொண்டது.

இங்கிலாந்தில் நடந்த வழக்கு, வாதத்தின் கூர்மையில், இதைவிட உயர்ந்தது. 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெபீல்டு நகரத்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கிய டோனி பிளாண்டு என்ற வாலிபனுக்கு ஆகாரக் குழாயை அகற்ற அவனுடைய பெற்றோரும் வைத்தியர் ஜிம் ஹோவும் இசைந்தபோது, அப்படிச் செய்தால் கொலைக்குற்றம் சாட்ட நேரிடும் என்று மரண விசாரணை அதிகாரி எச்சரித்தார். 1993 பிப்ரவரி 4-ஆம் தேதி பிரபுக்கள் சபை நீதிபதிகள், குழாய் ஆகாரமும் மருத்துவச் சிகிச்சையே, பயனற்றுப்போன சிகிச்சையை நிறுத்துவது ஒரு செயலன்று, செய்யாமையே என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பளித்தவர்களிலேயே ஒருவர், மெல்லப் பட்டினியால் சாகவிடுவது சட்டப்படி சரி, ஊசி ஒன்றால் உடனே முடிப்பது கொலை என்றால் இதில் நியாயம் எங்கே என்று கேட்டார். மற்றொருவர், சட்டம் ஒழுக்கத்துக்கும் அறிவுக்கும் பொருந்தாமல் கோணிக் கிடக்கிறது என்று வருந்தினார். தாம் எழுதும் தீர்ப்பிலேயே தமக்குள்ள அதிருப்தியை மறைக்காமல் பதிவு செய்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னாளில், 2005-இல், டெர்ரி ஷைவோ என்ற பெண்மணியின் பொருட்டு அமெரிக்க அரசியல்வாதிகள் நள்ளிரவில் சட்டம் இயற்றிக் கூத்தாடியதில் அத்தகைய நேர்மை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை; அதைப்பற்றி இங்கே இதற்குமேல் சொல்ல வேண்டாம்.

நம் தேசத்தின் வழக்கோ, இவை எல்லாவற்றுக்கும் முரணான ஒரு வழக்கு. கர்நாடகக் கடற்கரையில் ஹல்திப்பூரிலிருந்து பம்பாய்க்கு வந்து, பரேல் பகுதியிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27-ஆம் தேதி, அந்த ஆஸ்பத்திரியின் சிப்பந்தி ஒருவனால் தாக்கப்பட்டு, நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டு, மூளைக்கு இரத்தம் தடைப்பட்டு விழுந்தபோது அவருக்கு வயது 25. அதன்பின் நாற்பத்தோரு வருஷங்கள் நான்காம் வார்டை ஒட்டிய சிறிய அறையில் கிடந்தார். உறவினர் வருகை நாளடைவில் நின்றுபோயிற்று. நர்ஸுகள் பார்த்துக்கொண்டார்கள், முதலில் உடன் வேலை பார்த்தவர்கள், அவர்கள் ஓய்வு பெற்ற பிறகு அவரை நர்ஸாகக் கண்டிராத இளையவர்கள். எண்பதுகளில் நகராண்மையார் அவரை வேறிடத்துக்கு மாற்ற முனைந்தபோது, நர்ஸுகள் வேலையை நிறுத்தி எதிர்த்து அதைத் தடுத்தார்கள்.

2009-இல் பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்து, அருணாவுக்கு ஊட்டுவதை நிறுத்த உத்தரவு கோரினார். நீதிமன்றம் அனுப்பிய வைத்தியர் மூவர் 2011 ஜனவரியில் சென்று பார்த்தார்கள். மூச்சுக் கருவி ஏதும் அங்கே இல்லை. மசித்த உணவை வெகுகாலமாக வாயாலேயே உண்டுவந்தவர், முந்தைய செப்டம்பரில் காய்ச்சல் கண்ட பிறகே மூக்குக்குழாய்க்கு மாறியிருந்தார். முப்பத்தேழு வருஷம் படுக்கையிலிருந்த உடம்பில் படுக்கைப்புண் இல்லை. நோயாளியைப் பராமரித்துப் பழகியவர்களுக்குத்தான் இந்த ஒரு வாக்கியத்தின் கனம் தெரியும்: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஈரம் தங்காமல் துடைத்து, விரிப்பின் மடிப்பு உறுத்தாமல் இழுத்துவிட்டு, இதை இரவும் பகலுமாக, தலைமுறை மாறி, ஒருவரும் கணக்கு வைக்காமல் செய்திருக்கிறார்கள்.

மார்ச் 7-ஆம் தேதி நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான சுதா மிஸ்ராவும் அளித்த தீர்ப்பில் இரண்டு பாகங்கள் உண்டு. சட்டம் என்ற முறையில், உயிர் தாங்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை முதல் முறையாக இந்தியாவில் அனுமதித்தார்கள்; ஆனால் உறவினரும் வைத்தியரும் சேர்ந்துகொண்டு சொத்துக்காகச் சதி செய்யக்கூடுமென்று அஞ்சி, ஒவ்வொரு வழக்கிலும் உயர் நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டுமென்றார்கள். அருணா விஷயத்திலோ மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவருடைய நிலைமை அதற்குரியதன்று என்பதைக் காட்டிலும், அவருக்கு நெருங்கிய துணை யார் என்ற கேள்வியே அங்கே நிர்ணயமாக இருந்தது. அவரைப் பற்றி நூலெழுதிய விரானி அல்லர். தினமும் கழுவி ஊட்டி வந்த ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளே அவருக்காகப் பேசத் தகுந்தவர்கள். அவர்கள் உயிரோடிருக்கட்டும் என்கிறார்கள். பிற்பாடு மனம் மாறினால் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நியூ ஜெர்சியில் இரத்த உறவுக்குக் கொடுத்த இடத்தை, இங்கே பராமரிப்புக்குக் கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த அன்று நர்ஸுகள் இனிப்பு வழங்கினார்கள். ஒருவருடைய மூச்சு நீடிப்பதற்கு இனிப்பு வழங்கியவர்களைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு. நகைக்கும் தகுதி அவர்களுக்கு எங்கிருந்து வந்ததோ அறியேன்.

ஆனால் உயர் நீதிமன்றத்தின் படியேறிச் சம்மதம் வாங்க எந்தக் குடும்பத்தால் முடியும்? பழைய வழக்கமே தொடர்ந்தது. இனி எங்கள் கையில் ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று டாக்டர் தணிந்த குரலில் சொல்வார்; மருத்துவ ஆலோசனைக்கு மாறாக எங்கள் இஷ்டப்படி அழைத்துச் செல்கிறோம் என்று அச்சிட்ட காகிதத்தில் மூத்த மகன் கையெழுத்திடுவான்; இஷ்டம் யாருடையது என்பது இருவருக்கும் தெரியும். ஆம்புலன்ஸில் தொண்டைக் குழாயோடு ஏற்றி, உடன் வரும் பையன் வழி நெடுகப் பையை அமுக்கிக்கொண்டே வருவான். தானாக உப்பிக்கொள்ளும் அந்த ஆம்பு பையும் டென்மார்க்கில், 1956-இல், ரூபன் என்ற வைத்தியரும் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் ஆக்கியதே. வீட்டுத் திண்ணையில் இறக்கி, உறவினர் கூடியபின் குழாயை எடுப்பார்கள். உயிர் வீட்டில் போயிற்று என்ற ஆறுதல் குடும்பத்துக்கு. மரணம் தன் கூரையின் கீழ் நிகழவில்லை என்ற நிம்மதி ஆஸ்பத்திரிக்கு. பணம் தீர்ந்துபோனதால் கருவியை எடுத்த குடும்பமும், வேதனையை நீட்ட மனமில்லாமல் எடுத்த குடும்பமும் அதே காகிதத்தில்தான் கையெழுத்திட்டிருக்கின்றன. எது எதுவென்று அந்தக் காகிதத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. இந்த வழக்கத்தில் இரக்கம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். வலி தணிக்கும் மருந்தும் மூச்சுத் திணறலை ஆற்றும் மருந்தும் அந்த ஆம்புலன்ஸில் கூடவே ஏறுவதில்லை என்பதுதான் அதில் எனக்குள்ள பெரிய குறை.

2018 மார்ச் 9-ஆம் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா முதலான ஐவர் அமர்வு, காமன் காஸ் என்ற ஸ்தாபனம் தொடுத்த வழக்கில், கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதியில் அடங்கியது என்று நிலைநாட்டி, சுய அறிவோடு இருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை எழுதிவைக்கும் உயிலும் செல்லுமென்றது. ஆனால் அவ்வுயிலை மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் எழுதவேண்டும், ஜில்லா கலெக்டர் ஒரு வைத்தியக் குழு அமைக்கவேண்டும், கடைசியில் மாஜிஸ்திரேட்டே நேரில் வந்து நோயாளியைப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் விதித்ததால், அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 2023 ஜனவரி 24-ஆம் தேதி, நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அம்முடிச்சுகளைத் தளர்த்தியது. இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உயில் இல்லாதவருக்கு, சிகிச்சை செய்யும் டாக்டரும் ஐந்து வருஷ அனுபவமுள்ள இரு நிபுணர்களும் சேர்ந்த முதற்குழு, அதன் முடிவை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆராய இரண்டாம் குழு, அதில் ஜில்லாத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர், குடும்பத்தாரின், அல்லது நெருங்கிய துணைவரின், எழுத்து மூலமான சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்கு முன்னறிவிப்பு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாமலே முடிகிற காரியம். வாயால் முணுமுணுத்ததை எழுதிக் கையெழுத்திடச் சொல்வதே இதன் சாரம்.

அருணா ஷான்பாக் 2015 மே மாதம் நிமோனியா கண்டு, வாழ்நாளில் அத்தனை வருஷமும் தேவைப்படாத மூச்சுக் கருவியில் கடைசிச் சில நாட்கள் வைக்கப்பட்டு, 18-ஆம் தேதி காலமானார். ஈமக்கடன் செய்வதற்கு உறவினர் வந்தபோது, இத்தனை காலம் எங்கே இருந்தீர்கள் என்று நர்ஸுகள் மறித்தார்கள். முடிவில் ஆஸ்பத்திரியின் டீனும் மருமகன் முறையான ஒருவரும் சேர்ந்து கிரியைகளைச் செய்தார்கள். இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால், கருவியில் வைத்த அந்நாட்களில் சம்மதக் காகிதத்தை இவர்களில் யாரிடம் நீட்டியிருப்பார்களோ தெரியாது. நர்ஸுகளிடம் நீட்டியிருந்தால் அவர்கள் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மறுப்பதற்கும் அந்த விதிகளில் இடமுண்டு.